மூக்கு காட்டும் திசை

கண்ணாடிக் கடையை விட்டு வெளியே வந்ததும் ராஜகுமாரி, இல்லாத படி ஒன்றில் ஏறினாள். காலை நன்றாகத் தூக்கி வைத்தாள். அங்கே படி இல்லாததால் கால் தொப்பென்று சமதரையில் வந்து விழுந்தது. போர்ட் பிளேரின் அபெர்டீன் பஜாரில் எதிர்க்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கணவர் நாகராஜ் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணாடி போட்டது கண்ணுக்கா காலுக்கா, ராஜி?" என்று கேட்டார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட நேரமில்லாத அளவுக்கு உற்சாகமாக இருந்தாள். எதிர்ச் சாரியில் இருந்த மருந்துக்கடையின் பெயர்ப் பலகையைப் படித்தாள். அதே மூச்சில், கையிலிருந்த கண்ணாடிப் பெட்டியின் மூலையில் எறும்பு ஊர்ந்ததுபோல அச்சடித்திருந்ததையும் படித்தாள். நடுவில் கண்ணாடியைக் கழற்றவில்லை, மாற்றவில்லை, நெற்றிக்கு ஏற்றவுமில்லை. இரண்டு வருடமாக இரண்டு கண்ணாடிகளுடன் குடித்தனம் நடத்தியவளுக்கு இது சின்ன விஷயமல்ல.

கடையிலிருந்த வங்காளி இளைஞன் விளக்கமாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தான். இது ப்ரொக்ரஸிவ் கண்ணாடி. மேல்பாதியில் தூரம், நடுவில் கை நீட்டும் தொலைவு, அடியில் படிப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு தெரியாது, வழுக்கிக்கொண்டு போகும். ஓரங்கள் இரண்டும் கலங்கலாகத்தான் இருக்கும். அதனால் கண்ணை உருட்டக் கூடாது, தலையைத் திருப்ப வேண்டும். கடைசியாக அவன் தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, "நாக் ஜிதர், நஜர் உதர்" என்றான். மூக்கு எந்தப் பக்கமோ, பார்வையும் அந்தப் பக்கம். காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை போட்டிருந்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடும் என்றும் சொன்னான்.

இரண்டு வாரம் அவளிடம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குட்வில் எஸ்டேட் மைதானத்தில் பெண்கள் வாலிபால் இறுதிப் போட்டி. முதல் ரெஃபரி அவள்.

போர்ட் பிளேரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை அவள். வீடு துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில். தீவுகளில் வாலிபாலுக்கு விசில் ஊதுகிறவர்களில் பெண் அவள் ஒருத்திதான். தேசியப் பேனலில் ரெஃபரியாகச் சேர எழுத்துத் தேர்வை எப்போதோ முடித்திருந்தாள். மீதி இருந்தது செய்முறைத் தேர்வு. அதற்கு மெயின்லேண்டிலிருந்து தேர்வாளர் வந்து, அவள் ஒரு முழு ஆட்டத்தை நடத்துவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருமுறை புயல் வந்தது, தேர்வாளர் வரவில்லை. இன்னொரு முறை தேர்வாளர் வந்தார், போட்டி தள்ளிப்போனது. இந்த முறை ஜெகநாதன் என்பவர் வருவது உறுதியாகியிருந்தது. வயது வரம்பு அவளை நெருங்கிவிட்டது. இதை விட்டால் அடுத்தது கிடையாது.

கண்ணாடி வாங்கத் தூண்டியது பாராடாங் தீவில் நடந்த ஓர் ஆட்டம். அங்கே அவள் கழுத்தில் ஒரு கண்ணாடியும் மூக்கில் ஒரு கண்ணாடியுமாக மேடையில் நின்றாள். யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற சீட்டைப் பார்க்க ஒன்று, ஆட்டத்தைப் பார்க்க ஒன்று. மாற்றிக்கொண்டிருந்த அந்தக் கண நேரத்தில் ஒரு பெண் பந்தை இரண்டு முறை தொட்டுவிட்டாள். மைதானமே பார்த்தது, ரெஃபரி பார்க்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவன், "மேடம் கண்ணாடி மாத்துறாங்க, அதுவரைக்கும் எல்லாரும் நில்லுங்கப்பா" என்றான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்தச் சிரிப்போடுதான் அவள் கண் டாக்டரிடம் போனாள்.

முதல் இரண்டு நாள் வீடே படகு மாதிரி இருந்தது. சமையல் மேடையின் விளிம்பு வளைந்திருந்தது. கதவுச் சட்டம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் நின்றது. தலையைத் திருப்பினால் சுவர்கள் ஒரு விநாடி தாமதித்துப் பின்னாலேயே வந்தன. தட்டிலிருந்த மீனின் முள் துல்லியமாகத் தெரிந்தது, தட்டுதான் சாய்ந்திருந்தது. எதைப் பார்க்க வேண்டுமானாலும் அவள் மூக்கை அங்கே கொண்டுபோனாள். குழம்பைப் பார்க்கக் குனிந்தாள், கடிகாரத்தைப் பார்க்க நிமிர்ந்தாள், கணவரைப் பார்க்கத் தோளோடு திரும்பினாள். நாகராஜ் அவளைத் தஞ்சாவூர்ப் பொம்மை என்று கூப்பிட ஆரம்பித்தார். எதற்கும் தலையாட்டாத பெண்டாட்டி இப்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள், இந்தக் கண்ணாடியைக் கல்யாணத்தின்போதே வாங்கியிருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று தெளிந்தது. ஒரு நாள் காலை முற்றத்தில் நின்றபடி, மலைக்காட்டில் மரத்தை விட்டு மரம் தாவிய கிளிக்கூட்டத்தைப் பார்த்துவிட்டு, உடனே விரலில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டாள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நாகராஜிடம் சொன்னாள். அவர், முள் எங்கே என்று கேட்டுத் தேடிவிட்டு, தனக்கும் ஒரு கண்ணாடி வேண்டும் என்றார்.

பிரச்சினை உயரத்தில் இருந்தது. வாலிபாலில் முதல் ரெஃபரி, நெட்டின் ஒரு முனையில் மேடைமேல் நிற்பார். நெட்டின் மேல்பட்டை கண்ணுக்குக் கீழே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் தொடங்கி, எதிர்க் கம்பம் வரை ஓடும். ஆட்டக்காரியின் விரல் அந்தப் பட்டையைத் தொட்டால் நெட் அசையும். அந்த அசைவைப் பார்த்து விசில் ஊத வேண்டும். புதன்கிழமை பள்ளியில் மேடையைப் போட்டு ஏறிப் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தினால் கண்ணாடியின் படிக்கிற பாகம் வழியாக நெட் தெரிந்தது; கலங்கித் தெரிந்தது. தலையைச் சற்றே திருப்பினால் போதும், யாருமே இல்லாத மைதானத்தில் நெட் தானாக ஊசலாடியது. யாரோ தொட்டதுபோலவே ஆடியது. இறங்கும்போது ஏணியின் கடைசிப் படியைக் காலால் தடவித் தேடினாள்.

அன்று மாலை, போர்ட் பிளேர்ப் பக்கத்துப் படகுத்துறையான சாத்தம் ஜெட்டியிலிருந்து பாம்பூஃப்ளாட் திரும்பும் வண்டிப் படகின் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. கீழ்த்தளத்தில் வண்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. ஏறுபலகையின் ஓரத்தில் மஞ்சள் கோடு. அதிலிருந்து அவள் நின்ற உயரம், ஏறக்குறைய ரெஃபரி மேடையின் உயரம்தான். கோடு இருந்தது, அதைத் தாண்டுகிற சக்கரங்கள் இருந்தன. காசு கேட்காத பயிற்சி மைதானம் தினமும் இரண்டு வேளை கடலைத் தாண்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளாக அதில் உட்கார்ந்து கடலை கொறித்திருக்கிறாளே.

மறுநாள் காலை அவள் முதல் ஆளாகப் படகில் ஏறி அதே இடத்தைப் பிடித்தாள். மூக்கைக் கோட்டுக்கு நேராக வைத்தாள். ஒவ்வொரு சக்கரமும் கோட்டைத் தொடும் கணத்தில் மனதுக்குள் "டச்" என்றாள். ஸ்கூட்டர், டச். பால்வண்டி, டச். கண் நன்றாக வேலை செய்தது. வேலை செய்யச் செய்ய அவளுக்கு ஆட்டத்துச் சூடு ஏறியது. சூடு ஏறினால் விசில் வாய்க்குப் போவது இருபது வருடப் பழக்கம். ஓர் ஆட்டோவின் முன்சக்கரம் கோட்டை மிதித்ததும், தன்னையறியாமல் ஊதிவிட்டாள்.

அந்தப் படகில் வண்டி ஏற்றுகிற படகுப் பணியாளர்களான லஸ்கர்களும் விசிலால்தான் பேசுவார்கள். நீளமாக ஒன்று என்றால் வா, வெடுக்கென்று ஒன்று என்றால் நில். ராஜகுமாரியின் விசில் வெடுக்கென்று இருந்தது. ஆட்டோக்காரர் பாதி பலகையில் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த வாழைத்தார் லாரி அதைவிட அழுத்தி மிதித்தது. அதற்குப் பின்னால் ஜெட்டி முழுக்க ஹாரன் கிளம்பியது. மேலே சாரெங், அதாவது படகை ஓட்டுகிறவர், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அரே க்யா ஹுவா?" என்று கத்தினார்.

வண்டி ஏற்றிக்கொண்டிருந்த தம்பையா தன் கையிலிருந்த விசிலைப் பார்த்தார். அது சும்மா இருந்தது. பிறகு நிமிர்ந்து மேல்தளத்தைப் பார்த்தார். ராஜகுமாரியின் வாயில் இன்னும் விசில் இருந்தது.

வண்டிகளை எல்லாம் ஏற்றி, பலகையைத் தூக்கிய பிறகு, படகு கிளம்புவதற்குள் அவர் மேலே வந்தார். வருடக்கணக்காகத் தெரிந்த மனிதர்தான். பக்கத்தில் நின்று கடலைப் பார்த்தபடி, "ஆட்டோ என்ன மேடம் பண்ணுச்சு? லைனைத் தொட்டுருச்சா?" என்று கேட்டார்.

அவள் மன்னிப்புக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு, புதுக் கண்ணாடி, தானாக ஆடுகிற நெட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். இப்போதுகூட ஜெட்டிக் கம்பம் ஆடுகிறது என்றும் சொன்னாள்.

தம்பையா கம்பத்தைப் பார்த்தார். அது சிமெண்டுக் கம்பம். "கம்பமே ஆடுதுன்னா, ஆடுறது கம்பம் இல்ல மேடம். நீங்கதான் ஆடுறீங்க" என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராஜகுமாரி சிரிக்கவில்லை. மூக்கைக் கம்பத்துக்கு நேராக வைத்து, தலையை மெதுவாகத் திருப்பினாள். கம்பமும் ஜெட்டியும் ஜெட்டியில் நின்ற ஆட்களும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். தலையை நிறுத்தினாள். எல்லாம் நின்றது, ஜெட்டியோரம் கட்டியிருந்த சின்ன டிங்கிப் படகு மட்டும் அலையில் ஏறி இறங்கியது. மறுபடி செய்து பார்த்தாள். கண்ணாடி ஆட்டினால் எல்லாம் சேர்ந்து ஆடும். உண்மையில் ஆடுவது தனியாக ஆடும், கம்பம் நிற்கும்.

நெட்டுக்கும் கம்பம் உண்டு. இரண்டு கம்பம் உண்டு. அவள் தம்பையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. விசிலை மட்டும் பைக்குள் போடச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சனிக்கிழமை மாலைவரை அவள் அதையே செய்தாள். வாயில் விசிலுக்குப் பதிலாக ஏலக்காய் அடக்கிக்கொண்டு, கம்பத்தை ஓரக்கண்ணில் அல்ல, நேர்ப்பார்வையின் மூலையில் வைத்துக்கொள்ளப் பழகினாள். படகின் வழக்கப் பயணிகள் அவளைச் சுற்றிக் கூட ஆரம்பித்தார்கள். எது கோட்டைத் தொட்டது, எது தொடவில்லை என்று பந்தயம் கட்டாத குறையாக வாதம் நடந்தது. இறுதிப் போட்டியில் ஆடுவது பாம்பூஃப்ளாட் பெண்களும் குட்வில் எஸ்டேட் பெண்களும் என்பதால், ஒருவர் அவளுடைய காதோடு, "நம்ம பிள்ளைங்க தொட்டா மட்டும் அந்தக் கண்ணாடியக் கழட்டிருங்க மேடம்" என்றார். அவள் அவரை முறைத்தாள். மூக்கோடு முறைக்க வேண்டியிருந்ததால், முறைப்பு வழக்கத்தைவிடக் கடுமையாக அமைந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் குட்வில் எஸ்டேட் மைதானம் நிரம்பி வழிந்தது. ஓரத்துத் தென்னைகளில்கூட ஆள் ஏறியிருந்தது. இருக்கிற ரெஃபரிகளே கைவிரல்களுக்குள் அடங்கும் ஊரில், எல்லாருக்கும் ஏதாவது ஓர் அணி சொந்த ஊர் அணிதான். அதனால் பாம்பூஃப்ளாட்காரி விசில் ஊதுவதை இரண்டு அணித் தலைவிகளும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் கூட்டம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் மேடைப்பக்கம் வந்ததுமே, கண்ணாடி புதுசா, பாம்பூஃப்ளாட்டில் எடுத்ததா என்று குரல் வந்தது. தேர்வாளர் ஜெகநாதன் எதிர்ப்பக்கப் படிக்கட்டு வரிசையில் மேலே, கறுப்புக் குடையோடு உட்கார்ந்திருந்தார். மெலிந்த, நரைத்த, கண்ணாடி போட்ட மனிதர். காலையில் கைகொடுத்தபோது வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேடை ஏணியில் ராஜகுமாரி நிதானமாக ஏறினாள். கையிலிருந்த சீட்டில் ஆட்டக்காரிகளின் எண்களைப் படித்தாள். நிமிர்ந்து அவர்களுடைய சட்டைகளில் சரிபார்த்தாள். எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஊதினாள்.

முதல் செட்டின் நடுவிலேயே தவறு நடந்தது. பந்து வேகமாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. பழைய பழக்கத்தில் அவள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் கீழே உருட்டி, பிறகு வெடுக்கென்று தலையைத் திருப்பினாள். நெட் அலைபோல் ஆடியது. அவள் ஊதினாள். குட்வில் பெண் ஒருத்தியைக் காட்டி, நெட்டைத் தொட்டதாகக் கை நீட்டினாள்.

அந்தப் பெண் நெட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். கூட்டம் கொதித்தது. ராஜகுமாரிக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்துவிட்டது. நெட் ஆடியபோது எதிர்க் கம்பமும் ஆடியிருந்தது. அவள்தான் ஆடியிருக்கிறாள்.

ஊதியது ஊதியதுதான் என்று உறுதியாக நின்றுவிடலாம். தேர்வாளருக்கு முன்னால் ரெஃபரி தடுமாறக் கூடாது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லாவிட்டாலும் எல்லாருடைய மனதிலும் இருக்கிற விதி. அவள் ஒரு மூச்சு எடுத்தாள். இரண்டு கட்டை விரல்களையும் வானத்தைப் பார்க்க உயர்த்திக் காட்டினாள். பாயிண்ட் யாருக்கும் இல்லை, மறுபடி ஆடுங்கள் என்று அர்த்தம்.

இதனால் இரண்டு தரப்புமே திட்டியது. பாம்பூஃப்ளாட் ஆட்கள், கிடைத்த பாயிண்டைத் திருப்பிக் கொடுத்த தர்மதேவதை என்றார்கள். குட்வில் ஆட்கள், விசில் ஊதிவிட்டு யோசிக்கிற ரெஃபரி என்றார்கள். எதிரே ஜெகநாதன் குனிந்து ஏதோ எழுதினார். அந்தக் குனிந்த தலையை அவள் துல்லியமாகப் பார்த்தாள். அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் கண்ணை உருட்டவே இல்லை. மூக்கை நெட்டின் மேல்பட்டைமேல், எதிர்க் கம்பத்துக்கு நேராக நட்டாள். பந்து அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது; அதைத் துரத்த லைன்ஸ்மேன்களும், கீழே நின்ற இரண்டாம் ரெஃபரி ஈஸ்வரனும் இருந்தார்கள். அவளுக்கு நெட் போதும். மூன்றாம் செட்டில் அவள் ஊதிய ஒரு நெட் டச்சுக்கு, தொட்ட பெண்ணே கையைத் தூக்கி ஒப்புக்கொண்டாள். நான்காம் செட்டில் விரல்நுனி உரசியதைக்கூடப் பிடித்தாள். மேகம் வந்து வெளிச்சம் மங்கியும் ஒன்றும் குறையவில்லை. கண்ணாடி போட்டிருப்பதே மறந்துபோனது. இரண்டுக்கு இரண்டு என்று ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போனது.

ஐந்தாவது செட் பதினைந்து பாயிண்ட். பாம்பூஃப்ளாட் பதினாலு, குட்வில் பதிமூன்று. மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர் யாருமில்லை. தென்னையில் இருந்தவர்கள்கூட இன்னும் இரண்டு முழம் ஏறியிருந்தார்கள். பந்து நாலைந்து முறை இங்கும் அங்கும் போய், கடைசியில் பாம்பூஃப்ளாட் திவ்யாவுக்காக உயரே எழும்பியது. திவ்யா அணியிலேயே சின்னவள், உயரமானவள். ஓடிவந்து குதித்தாள், அடித்தாள், நெட்டுக்கு மிக அருகே இறங்கினாள்.

நெட் ஆடியது.

கம்பம் ஆடவில்லை. அப்படியென்றால் இது கண்ணாடியின் வேலை இல்லை. விசில் ராஜகுமாரியின் உதட்டில் இருந்தது, மூச்சு நெஞ்சில் இருந்தது. ஆனால் அவளுடைய மூக்கு சரியான இடத்தில் இருந்ததால், நெட் ஆடியதற்கு முந்தைய இமைப்பொழுதையும் அவள் பார்த்திருந்தாள். திவ்யாவின் கைகள் இரண்டும் காற்றில் இருந்தன. உடம்பு பின்னால் இருந்தது. இறங்கிய வேகத்தில் அவளுடைய நீளச் சடை தோளுக்கு மேல் சாட்டைபோல் முன்னால் வந்து, நீல ரிப்பன் கட்டிய நுனியால் நெட்டின் பட்டையை அடித்துவிட்டுத் திரும்பியது. முடி நெட்டில் பட்டால் தவறில்லை. அவள் ஊதவில்லை.

குட்வில் பெண்கள் பந்தைத் தூக்கப் பாய்ந்தார்கள். பந்து ஒருத்தியின் கையில் பட்டுத் தெறித்து வேலியோரம் போய் விழுந்தது. அப்போதுதான் ஊதினாள். பாம்பூஃப்ளாட் பக்கம் கை காட்டினாள். ஆட்டம் முடிந்தது.

"நெட்டு, நெட்டு" என்ற கூச்சல் எழுந்தது. நெட் இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, எல்லாருக்கும் சாட்சியாக. சொந்த ஊர்ப் பிள்ளைகள் நெட்டைத் தொட்டால் மட்டும் பாம்பூஃப்ளாட்காரிக்குக் கண் தெரியாது என்று ஒருவர் கத்தினார். இரண்டு பெஞ்சிலிருந்தும் ஆட்கள் எழுந்தார்கள். ராஜகுமாரி அசையாமல் நின்றாள். தலைவி மட்டும் வரலாம் என்று கையைக் காட்டினாள். குட்வில் தலைவி ஜெயராணி மேடைக்குக் கீழே வந்து நின்றாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது.

"நெட் ஆடுச்சு மேடம்."

"ஆடுச்சு" என்றாள் ராஜகுமாரி. "ஆட்டினது சடை."

ஜெயராணி நெட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். திவ்யா கொண்டாட்டத்தில் சேராமல், நாக்கைக் கடித்துக்கொண்டு, சடையின் நுனியைச் சட்டைக் காலருக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். ஜெயராணி அந்த நீல ரிப்பனைப் பார்த்தாள். அப்புறம் நெட்டுக்கு அடியில் கையை நீட்டினாள். "பட்டது எனக்கும் தெரிஞ்சுச்சுடி. மூஞ்சிக்கு முன்னாடிதான் வந்துச்சு. அடுத்த வருஷம் வர்றதுக்குள்ள அத வெட்டித் தொலை" என்றாள். திவ்யா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். குட்வில் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்தார். பிறகு மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

ராஜகுமாரி மேடையிலிருந்து இறங்கினாள். தரையில் நின்ற பிறகுதான், கடைசிப் படியைத் தேடாமல் இறங்கியது அவளுக்கு உறைத்தது.

ஜெகநாதன் மேலேயே காத்திருந்தார். அவள் படியேறிப் போய் நின்றாள். அவர் குடையை மடக்கிக்கொண்டே, நெட் ஆடியது தனக்கும் தெரிந்தது என்றார். எது ஆட்டியது என்று தன் இடத்திலிருந்து தெரியவில்லை என்றும் சொன்னார். முடி பட்டால் தவறில்லை என்ற விதி இருவருக்குமே தெரியும், அதை அவர் கேட்கவில்லை.

"பாத்தீங்களா, இல்ல அப்படித்தான் இருக்கும்னு நெனச்சீங்களா?"

"பாத்தேன் சார். நீல ரிப்பன். பட்டையில அடிச்சுட்டு அவ தோளுக்கே திரும்பிப் போச்சு."

அவர் தலையசைத்தார். "முதல் செட்ல என்ன ஆச்சு?"

ராஜகுமாரிக்குப் பொய் சொல்ல நேரம் இருந்தது, சொல்ல வரவில்லை. "கண்ணாடி ஆடுச்சு சார். போட்டு ஒரு வாரந்தான் ஆகுது" என்றாள்.

ஜெகநாதன் அவளுடைய கண்ணாடியை உற்றுப் பார்த்தார். உற்றுப் பார்ப்பதற்காக மோவாயைக் கொஞ்சம் தூக்கினார். பிறகு தன் குறிப்பைப் பார்ப்பதற்காக மூக்கோடு கீழே குனிந்தார். குனிந்த அந்தத் தினுசை ராஜகுமாரி ஒரு வாரமாக முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒரு வாரமா?" என்றார் அவர். "எனக்கு ஆறு மாசம் ஆச்சு, இன்னும் பழகல. நீங்க தேறிட்டீங்க. பேனலுக்கு எழுதி அனுப்பிடறேன்."

கைகொடுத்துவிட்டு இறங்கத் தொடங்கினார். முதல் படியில் காலை நீட்டி, செருப்பு நுனியால் விளிம்பைத் தடவித் தேடினார். ராஜகுமாரி முழங்கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். இருவரும் எல்லாப் படிக்கும் தலையாட்டியபடி இறங்கி வந்தார்கள். கீழே நின்ற நாகராஜ் மட்டும், இரண்டு தஞ்சாவூர்ப் பொம்மைகள் என்று பிறகு பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலைப் படகுக்குப் பாம்பூஃப்ளாட் ஊரே சாத்தம் ஜெட்டியில் நின்றது. கோப்பை கைமாறிக்கொண்டிருந்தது, யாரோ தகர டின்னில் தாளம் போட்டார்கள். திவ்யாவின் சடையைத் தொட்டுப் பார்க்கவே ஒரு வரிசை. கடல் இறங்கியிருந்ததால் படகு தாழ்ந்து கிடந்தது. ஏறுபலகை சரிந்து இறங்கியது. ஒரு வாரத்துக்கு முன் அந்தச் சரிவு அவளுக்குக் கிணறுபோல் தெரிந்திருக்கும். ராஜகுமாரி மூக்கைக் கீழே காட்டி, கை எதையும் பிடிக்காமல் நடந்து இறங்கினாள்.

தம்பையா மஞ்சள் கோட்டருகே நின்றிருந்தார். செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது. அவர் வாயிலிருந்த விசிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு வண்டிய நீங்க ஏத்துங்க மேடம்" என்றார். "ஒன்னு மட்டும். நீளமா ஊதுங்க."

பலகையின் மேல் தலைப்பில் ஓர் ஆட்டோ காத்து நின்றது. அன்றைக்கு நின்ற அதே ஆட்டோதான். ஓட்டுநர் அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து மேலே தூக்கிக் காட்டினார். ஜெட்டி சிரித்தது. ராஜகுமாரி பையிலிருந்து தன் விசிலை எடுத்தாள். மூக்கைக் கோட்டுக்கு நேராக வைத்தாள், கம்பம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டாள், மூச்சு உள்ளவரை ஊதினாள்.

ஆட்டோ இறங்கி வந்தது.